தொழில்நுட்ப ஆலோசகர் நேர்மையானவரா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எப்படி அறிவது?

கேள்வி: திட்டப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆலையில் புதிதாக ஒரு கொதிகலனும், இரண்டு அழுத்தக் கலன்களும், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நீராவிக் குழாய்களும் அமைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். வடிவமைப்பைச் சரிபார்ப்பதற்கும், கருவிகளுக்கு வரும் டெண்டர்களை மதிப்பிடுவதற்கும், வேலை நடக்கும்போது தரத்தை ஆய்வு செய்வதற்கும் வெளியிலிருந்து ஒரு தொழில்நுட்ப ஆலோசகரை அமர்த்த வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்களிடம் கேட்டுவிட நினைக்கிறேன், ஏனென்றால் சென்ற முறை நான் ஏமாந்தேன்.

அந்தத் திட்டத்தில் தண்ணீர் பம்புகளுக்கு விவரக்குறிப்பு எழுதிக் கொடுத்த ஆலோசகர், பம்பைக் குழாயோடு இணைக்கும் இரண்டு ஃபிளேஞ்சுகளுக்கும் (இணைப்பு வளையங்களுக்கும்) இடையிலான தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் எழுதியிருந்தார். கசிவைத் தடுக்கும் சீலின் வகையையும், செயல்திறனை ஒரு தசம இடம் வரைக்கும் குறித்திருந்தார். கவனமான மனிதர் என்று அன்று நினைத்தேன். டெண்டர் திறந்தபோது அத்தனை நிபந்தனைகளுக்கும் ஒரே ஒரு தயாரிப்பாளர்தான் பொருந்தினார். அந்தத் தயாரிப்பாளரிடமிருந்து அவருக்குக் கமிஷன் போனது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அதற்குள் பம்புகள் தேவைக்கு மிகப் பெரியவை என்பதும் தெரிந்துவிட்டது. வெளியேற்று வால்வைப் பாதி மூடியபடியே ஓட்டினோம், சீல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கசிந்தன. பராமரிப்புப் பிரிவினர் இரவில் வந்து சீல் மாற்றியபோதெல்லாம் அது என் தவறு என்றே உணர்ந்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நேர்காணலுக்கு வந்து எங்களைக் கவர்ந்த மூத்த பொறியாளரை அதன் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை. வேலையைச் செய்தவர்கள் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இரண்டு இளைஞர்கள்.

இப்போது மூன்று பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். முதலாமவரின் கட்டணம் மற்ற இருவருடையதில் பாதிதான், எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்கிறார். இரண்டாமவர் நாற்பது திட்டங்களின் பட்டியலை இணைத்திருக்கிறார். மூன்றாமவர் பதில் சொல்வதைவிட எங்களைக் கேள்வி கேட்பதுதான் அதிகம்; மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. ‘ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்’ என்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். சென்ற முறை ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். எதைப் பார்த்திருக்க வேண்டும்?

பதில் 1: வடிவமைப்புப் பொறியாளர், முப்பது ஆண்டு அனுபவம்

மூன்றாமவரை அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆலையைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையில் கேள்வி கேட்காமல் பதில் சொல்பவர், அந்தப் பதிலை வேறெங்கிருந்தோ எடுத்து வந்திருக்கிறார் என்றுதான் பொருள்.

நேர்காணலில் நான் கேட்பது, ‘தகவல் போதாது’ என்பதே நேர்மையான பதிலாக இருக்கக்கூடிய கேள்விகளை. உங்கள் பம்புகளையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ‘இந்தப் பம்புக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி ஓட்டத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும்?’ என்று கேளுங்கள். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மின்திறன் மாறும் என்ற விதியை அறிந்தவர், 0.8-ஐ மூன்று முறை பெருக்கி, ஏறத்தாழ 51 விழுக்காடு மின்திறன் போதும், பாதி மிச்சம் என்பார். இந்த விதி உராய்வை மட்டும் எதிர்த்து ஓடும் பம்புக்குப் பொருந்தும். உயரத்திலுள்ள தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றும் பம்புக்குப் பொருந்தாது. பம்பு தர வேண்டிய மொத்தம் 40 மீட்டர் அழுத்த உயரத்தில் 30 மீட்டர் நிலையானது, அதாவது தொட்டிக்கு ஏற்ற வேண்டிய உயரம், 10 மீட்டர் மட்டுமே உராய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் 80 விழுக்காடாகும்போது உராய்வு 6.4 மீட்டராகக் குறையும், ஆனால் 30 மீட்டர் அப்படியே இருக்கும். ஆகத் தேவைப்படும் திறன், 0.8-ஐ 36.4 மீட்டரால் பெருக்கி 40-ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 73 விழுக்காடு. பம்பின் செயல்திறன் மாறுவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. 49 விழுக்காடு மிச்சம் என்று விற்கப்படும் ஒரு திட்டம் உண்மையில் 27 விழுக்காடுதான் தரும். ‘நிலையான உயரம் எவ்வளவு?’ என்று திருப்பிக் கேட்பவரிடம் மேலே பேசலாம். கேட்காமல் பாதி மிச்சம் என்று உறுதியளிப்பவர் அறியாமல் சொல்கிறாரா, அறிந்தே சொல்கிறாரா என்பது உங்களைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு அல்ல.

இன்னொரு வழியும் எனக்குப் பயன்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு பொருந்தாமை இருக்கும் தரவுத்தாளைக் கொடுத்துக் கருத்துக் கேட்பேன். ஒரு வெப்பப் பரிமாற்றியில் சூடான பக்கம் நொடிக்கு 10 கிலோ தண்ணீர் 90 டிகிரியிலிருந்து 70-க்குக் குறைகிறது. குளிர்ந்த பக்கம் அதே 10 கிலோ, 30-லிருந்து 60-க்கு ஏறுகிறது. முதல் பக்கம் விடும் வெப்பம் ஏறத்தாழ 836 கிலோவாட், இரண்டாவது பக்கம் வாங்கும் வெப்பம் 1,254 கிலோவாட். அது நடக்காது. படித்துப் பார்ப்பவர் ஐந்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார். ஆறு பக்கம் பாராட்டி எழுதி, கடைசியில் ‘வடிவமைப்பு திருப்திகரமாக உள்ளது’ என்று முடித்த ஓர் அறிக்கை எனக்கு வந்திருக்கிறது. அதை எழுதியவரிடம் பெரிய சான்றிதழ்கள் இருந்தன.

நாற்பது திட்டங்களின் பட்டியலைப் பொறுத்தவரை, அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் அவரே கையால் செய்த வேலை எது, யார் சரிபார்த்தார்கள், எந்தக் கணக்கு முதலில் தவறிப் பிறகு திருத்தப்பட்டது என்று கேளுங்கள். அவர் வேலை செய்த நிறுவனத்தின் திட்டங்களைத் தம் திட்டங்களாக எழுதியிருந்தால் மூன்றாவது கேள்வியில் பேச்சு மங்கிவிடும். உண்மையில் உழைத்தவருக்கு அந்தத் தவறுகள் நாள் முகூர்த்தத்தோடு நினைவிருக்கும். அவர் பரிந்துரைக்கும் மேலாளர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், அதே ஆலையின் பராமரிப்பு மேற்பார்வையாளரிடமும் பேசுங்கள். திட்டம் முடிந்த அன்று கை குலுக்கியவருக்குத் தெரியாதது, இரண்டு ஆண்டுகளாகச் சீல் மாற்றிக்கொண்டிருப்பவருக்குத் தெரியும்.

பதில் 2: ஒப்பந்தப் பிரிவு

நான் பொறியாளர் அல்ல, ஆகவே பணம் போகும் பாதையை மட்டும் பார்க்கிறேன். பாதிக் கட்டணம் கேட்கும் முதலாமவரிடமிருந்து தொடங்குவோம்.

மொத்தத் தொகையை மட்டும் எழுதி வாங்காதீர்கள். யார் யார், எத்தனை மணி நேரம், எந்த வேலைக்கு என்று பிரித்து வாங்குங்கள். பிறகு நீங்களே கணக்கிடுங்கள்: சரிபார்க்க வேண்டிய வரைபடங்கள் 120 இருந்து, ஒன்றை முறையாகப் பார்க்க மூன்று மணி நேரம் ஆகுமென்றால், 360 மணி நேரம் வேண்டும். அவர் 90 மணி நேரம் எழுதியிருந்தால் ஒரு வரைபடத்துக்கு முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். அப்படியானால் வரைபடங்களைப் பார்க்காமலே முத்திரை குத்தப் போகிறார், அல்லது வேலை தொடங்கியபின் ‘கூடுதல் பணி’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கப் போகிறார், அல்லது குறைந்த தொகையை ஈடுகட்ட வேறொரு வருமானம் அவருக்கு இருக்கிறது. உங்கள் பம்பு விவகாரத்தில் நடந்தது இந்த மூன்றாவது. ஆலோசகருக்கு நீங்கள் கொடுக்காத பணத்தை விற்பனையாளர் கொடுத்தால், அந்தத் தொகை கருவியின் விலையில் ஏறி உங்களிடமே திரும்பி வரும்.

ஆகவே ஒப்பந்தத்தில் சில பிரிவுகளை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆலோசகரோ, அவருடைய நிறுவனமோ, நெருங்கிய உறவினரோ எந்தக் கருவித் தயாரிப்பாளரிடமிருந்தும் எந்த வடிவத்திலும் பலன் பெறவில்லை என்று எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். பின்னாளில் அது பொய் என்று தெரிந்தால் ஒப்பந்தம் உடனே முறியும், கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். இதில் கையெழுத்திடத் தயங்குபவரிடம் காரணத்தைக் கேட்டுவிடுங்கள். சில சமயம் உண்மையான காரணம் இருக்கும், அதையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிப்படையாகச் சொல்லப்பட்ட தொடர்பைச் சமாளித்துவிடலாம். கட்டணம் திட்டச் செலவின் விழுக்காடாக இருக்கவே கூடாது, ஏனென்றால் பெரிய பம்பை எழுதினால் பெரிய கட்டணம் என்ற நிலையில் நேர்மையானவரையும் நாமே சோதனைக்கு உள்ளாக்குகிறோம். விவரக்குறிப்பு எழுதுபவரும் டெண்டரை மதிப்பிடுபவரும் ஒருவராகவே இருக்க நேர்ந்தால், குறைந்தது மூன்று தயாரிப்பாளர்களாவது பொருந்துகிறார்கள் என்று டெண்டர் வெளியாவதற்கு முன்பே அவர் காட்ட வேண்டும். ஃபிளேஞ்சுக்கு இடையிலான தூரம் போன்ற நிபந்தனைக்கு ‘இது எந்தத் தேவைக்காக?’ என்று ஒரு வரி விளக்கம் கேளுங்கள். பழைய அடித்தளத்தில் புதுப் பம்பை உட்கார வைக்க அந்த அளவு தேவைப்பட்டிருக்கலாம். தேவைப்படவில்லை என்றால் விளக்கமும் இருக்காது.

நேர்காணலுக்கு வந்த மூத்தவர் காணாமல் போவது பழைய தந்திரம். முக்கியப் பணியாளர்களின் பெயர்களை ஒப்பந்தத்திலேயே எழுதி, உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது, மாற்றினால் வருபவர் இணையான தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்று சேருங்கள். 1913-இல் தொடங்கப்பட்ட ஃபிடிக் என்ற பன்னாட்டு ஆலோசகப் பொறியாளர் கூட்டமைப்பு, வாடிக்கையாளருக்கும் ஆலோசகருக்கும் இடையிலான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதைவிட அதிலிருந்து தொடங்குவது எளிது.

சரிபார்ப்பதற்கு இரண்டு இடங்கள். உலக வங்கி தன் திட்டங்களில் பங்கேற்கத் தடை விதித்த நிறுவனங்களையும் தனிநபர்களையும் பட்டியலிட்டு வெளியிடுகிறது; 2010-இல் ஐந்து பன்னாட்டு வளர்ச்சி வங்கிகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒன்று விதித்த தடையை மற்றவையும் ஏற்கின்றன. பெயர் அங்கே இல்லாதது நேர்மைக்குச் சான்று ஆகாது, ஆனால் இருந்தால் உங்கள் வேலை சுலபம். இரண்டாவது, தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. ஆலோசகர் தரும் நகலை நம்பாமல் காப்பீட்டு நிறுவனத்தையே நேரடியாகக் கேளுங்கள். நகலில் தேதி திருத்தப்பட்டிருந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

பதில் 3: தர ஆய்வாளர், அழிவிலாச் சோதனைப் பிரிவு

பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிப்பது (அழிவிலாச் சோதனை) என் வேலை. மேலே இருவரும் ஒப்பந்தத்துக்கு முந்தைய கட்டத்தைப் பேசிவிட்டார்கள். ஆனால் உங்கள் ஆலோசகர் களத்தில் ஆய்வும் செய்யப்போகிறார். ஏமாற்று அதிகம் நடப்பது அங்கேதான், கண்டுபிடிக்க எளிதாக இருப்பதும் அங்கேதான். இட்டுக்கட்டிய அளவீட்டில் உலகத்தின் குழப்பம் இருக்காது.

ஒரு முறை, வேறொருவர் எழுதிய தடிமன் அளவீட்டு அறிக்கையைச் சரிபார்க்க என்னை அழைத்தார்கள். எட்டு அங்குலக் குழாய், ஷெட்யூல் 40 (குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிக்கும் வகை), அட்டவணைப்படி தடிமன் 8.18 மில்லிமீட்டர். அறிக்கையில் நானூறுக்கு மேற்பட்ட அளவீடுகள், அத்தனையும் 8.1-க்கும் 8.2-க்கும் இடையில். படிக்கும்போதே எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் தையலில்லாக் குழாய்களுக்குத் தயாரிப்பிலேயே 12.5 விழுக்காடு வரை குறைவு அனுமதிக்கப்படுகிறது; அதாவது புத்தம் புதிய குழாயிலேயே 7.16 மில்லிமீட்டர் வரை வரலாம். பல ஆண்டுகள் நீராவி ஓடிய குழாயில், அதுவும் வளைவுகளின் வெளிப்புறத்தில், நானூறு இடங்களும் அட்டவணை எண்ணையே காட்டுவது இயல்புக்கு மாறானது. களத்துக்குப் போய்ப் பார்த்தேன். அளந்ததாக எழுதப்பட்ட பல இடங்களில் இன்சுலேஷன் உறை பிரிக்கப்படவே இல்லை, தகரத்தின் மேல் பழைய தூசி அப்படியே படிந்திருந்தது. சில இடங்களுக்கு ஏறுவதற்குச் சாரமே கட்டியிருக்கவில்லை. நான் அளந்தபோது ஒரு வளைவில் 5 மில்லிமீட்டருக்கும் கீழே வந்தது. அந்த வளைவுக்குக் கீழே ஆட்கள் தினமும் நடந்துபோகிறார்கள். அந்த அறிக்கையை இன்றும் என்னால் கோபமில்லாமல் நினைக்க முடியவில்லை.

எனவே அறிக்கையை மட்டும் வாங்காதீர்கள். கருவியின் நினைவகத்திலுள்ள மூலக் கோப்பை, தேதியோடும் நேரத்தோடும், வாங்குவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் இடையில் எத்தனை நொடி இருக்கிறது என்று பாருங்கள். ஏணியில் ஏறி இறங்க வேண்டிய இடங்களுக்கு நான்கு நொடி இடைவெளி இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். கடைசி இலக்கங்களைப் பாருங்கள்: நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் காட்டும் கருவியில் 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் ஏறத்தாழ சமமாக வரும், மனிதர் கற்பனையில் எழுதும்போது சில இலக்கங்கள் மட்டும் கூடிவிடும். சூடான குழாயில் அளந்திருந்தால் வெப்பநிலைத் திருத்தம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஃகு சூடாகும்போது அதில் ஒலியின் வேகம் குறையும், ஏறத்தாழ 55 டிகிரிக்கு ஒரு விழுக்காடு, அதனால் கருவி உண்மையைவிட அதிகத் தடிமனைக் காட்டும். இந்தத் திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத அறிக்கை, அளந்தவருக்கு வேலை தெரியவில்லை என்றோ அவர் அளக்கவே இல்லை என்றோ சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நூற்றுக்கு ஐந்து இடங்களை வேறொருவரைக் கொண்டு மறுபடி அளக்கச் செய்யுங்கள், அப்படிச் செய்யப்போவதை முன்பே அறிவித்துவிடுங்கள். அறிவிப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

வெல்டிங் கதிர்ப்படங்களில் ஒரே படத்தை இரண்டு இணைப்புகளுக்குக் காட்டுவது உண்டு. நல்ல இணைப்பு ஒன்றைப் பலமுறை படமெடுத்து வெவ்வேறு எண் இடுவார்கள். வெல்டின் விளிம்பின் அலைவடிவமும், சிறு துளைகளின் அமைப்பும் கைரேகை போன்றவை, இரண்டு இணைப்புகளில் அவை ஒத்திருக்க வாய்ப்பில்லை. படங்களை ஒளிப்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீரழுத்தச் சோதனையில் அழுத்தத்தைப் பதிவுசெய்த வரைபடத் தாளையும் கவனியுங்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் குழாய் விதிமுறைகளான ஏஎஸ்எம்இ பி31.1, பி31.3 இரண்டுமே வடிவமைப்பு அழுத்தத்தின் 1.5 மடங்குக்குக் குறையாமல் ஏற்றி, குறைந்தது 10 நிமிடம் நிறுத்தச் சொல்கின்றன. பல ஆலைகளில் மணிக்கணக்கில் நிறுத்துகிறோம். முழுக்க நீர் நிரம்பி அடைக்கப்பட்ட எஃகுக் குழாயில் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே அழுத்தம் சில பார் (அழுத்தத்தின் அலகு) மாறும். வெட்டவெளியில் நான்கு மணி நேரம் அழுத்தக் கோடு அளவுகோல் வைத்துக் கிழித்ததைப் போல நேராக இருந்தால் நான் கையொப்பமிட மாட்டேன்.

பொருட்சான்றிதழ்களுக்கு ஈஎன் 10204 என்ற ஐரோப்பியத் தரநிலை உண்டு. அதில் 3.1 வகை, உற்பத்திப் பிரிவைச் சாராத தயாரிப்பாளரின் சொந்த ஆய்வாளர் கையொப்பமிடுவது, 3.2 வகையில் வாங்குபவரின் ஆய்வாளரோ விதிமுறை குறிப்பிடும் ஆய்வாளரோ சேர்ந்து கையொப்பமிடுகிறார். சான்றிதழில் உள்ள ஹீட் எண் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) தகட்டின் மேல் குத்தப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வெவ்வேறு ஹீட் எண்களுக்குக் கார்பன், மாங்கனீஸ் அளவுகள் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தால் யாரோ நகலெடுத்திருக்கிறார்கள். பெரிய பெயர் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம்: ஜப்பானின் கோபே ஸ்டீல் நிறுவனம் தன் தயாரிப்புகளின் தரத் தரவுகள் மாற்றி எழுதப்பட்டதை 2017 அக்டோபரில் ஒப்புக்கொண்டது.

ஆய்வாளரின் தனிப்பட்ட தகுதியைச் சரிபார்ப்பது சுலபம், ஆனாலும் செய்பவர்கள் குறைவு. அழுத்தக் கலன், குழாய், சேமிப்புத் தொட்டி ஆய்வாளர்களுக்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வழங்கும் ஏபிஐ 510, 570, 653 சான்றிதழ்களை எண்ணைக் கொண்டு வழங்கிய அமைப்பின் இணையதளத்திலேயே தேடலாம். அழிவிலாச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 9712-இன்படி சான்றிதழ் இருந்தால், அது எந்த முறைக்கு, எந்த நிலைக்கு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். மீயொலிக்குச் சான்று பெற்றவர் கதிர்ப்படத்தில் கையொப்பமிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆய்வாளர் எழுதிய வளைவைப் படித்தபின் எங்கள் பழைய குழாய்களின் அறிக்கையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பிழையுள்ள தரவுத்தாளைக் கொடுத்துச் சோதிப்பது, நேர்மையாக வந்திருப்பவரையும் திருடரைப் போல நடத்துவது ஆகாதா? ஒரு தவறைக் கண்டால், அது கைப்பிழையா ஏமாற்றா என்று எப்படிப் பிரிப்பது?

பதில் 4: தனித்து இயங்கும் ஆலோசகர்

இந்த உரையாடலில் எதிர்ப்பக்கத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது, ஆகவே கொஞ்சம் மறுத்தும் எழுதுகிறேன்.

பொய்யான தரவுத்தாளைக் கொடுத்தால் நான் பிழையைச் சொல்லிவிட்டு அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்வேன். வாடிக்கையாளர் தரும் தகவலின் மேல்தான் நான் கணக்கிட வேண்டும். முதல் காகிதமே பொறி என்றால் அடுத்த காகிதத்தை எப்படி நம்புவது? அதோடு இலவசமாக ஆறு பக்கம் கருத்து எழுதித் தரச் சொல்வதும் முறையல்ல. வேலை நிறைய உள்ள நல்லவர்கள் எழுத மாட்டார்கள், எழுத நேரம் உள்ளவர்கள் மட்டும் எஞ்சுவார்கள். அதற்குப் பதிலாக, உங்கள் திட்டத்திலிருந்தே ஓர் உண்மையான சிறு பகுதியை, ஒரு வாரத்தில் முடியக்கூடியதை, விண்ணப்பித்தவர்களுக்குக் கட்டணம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒரு பிரிவு நீராவிக் குழாயின் வெப்ப விரிவுக் கணக்கு போதும். விடையை மட்டும் வாங்காமல் எந்த அனுமானங்களை எடுத்தார், எதைத் தெரியாது என்று எழுதினார், உங்களிடம் என்ன கேட்டார் என்று பாருங்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நானும் தவறு செய்திருக்கிறேன். கைப்பிழையைச் சுட்டிக்காட்டினால் அதைச் செய்தவர் தம் பழைய தாள்களைக் கொண்டுவந்து, எந்த வரியில் தடம் மாறியது என்று உங்களோடு சேர்ந்து தேடுவார். தேடுவதற்கு அவரிடம் தாள்கள் இருக்கும், ஏனென்றால் வேலையைச் செய்திருக்கிறார். ஏமாற்றியவரிடம் முடிவு மட்டும்தான் இருக்கும். திருத்தப்பட்ட முடிவு ஒன்று மறுநாளே வரும், அதற்கான வழி வராது. இன்னொரு வேறுபாடு, கைப்பிழைகள் இரு திசையிலும் விழும். எல்லாப் பிழைகளும் ஒரே விற்பனையாளருக்கோ ஒரே ஒப்பந்ததாரருக்கோ சாதகமாக இருந்தால் அது கை தவறியது அல்ல. எதுவானாலும் குற்றம் சாட்டுவதற்கு முன் எழுத்தில் விளக்கம் கேளுங்கள், பதில் சொல்ல நாள் கொடுங்கள். ஒரு தவறான குற்றச்சாட்டு எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையையே முடித்துவிடும்.

வாடிக்கையாளர் பக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘தெரியவில்லை, அளந்து பார்க்க வேண்டும்’ என்று எழுதிய விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டு, உறுதியாகப் பொய் சொன்னவர் வென்றதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ‘முடிவு இதுதான், இதற்கேற்ற அறிக்கை வேண்டும்’ என்று கேட்டவர்களும் உண்டு. உங்கள் மேலதிகாரிகளுக்குக் கேள்வி கேட்பவரைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நீங்கள் மாற்றாமல் எந்தச் சோதனையும் பயன் தராது.

நேர்மை மட்டும் போதாது, ஆள் களத்தில் இருக்கவும் வேண்டும். 1907 ஆகஸ்ட் 29 அன்று கனடாவின் கியூபெக் பாலம் கட்டுமானத்தின்போதே சரிந்து 75 பேர் இறந்தார்கள். ஆலோசகப் பொறியாளரான தியோடர் கூப்பர் அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற பாலப் பொறியாளர்களில் ஒருவர், யாரும் அவர் நேர்மையை ஐயுறவில்லை. ஆனால் உடல்நலம் குன்றி நியூயார்க்கில் இருந்தபடியே மேற்பார்த்தார், எஃகுச் சட்டகம் எழும்பியபோது களத்துக்கு வரவில்லை. பாலத்தின் நீளம் கூட்டப்பட்டபோது எடை சரியாக மறுகணக்கிடப்படவில்லை. அழுத்தம் தாங்கும் உறுப்புகள் வளைகின்றன என்ற செய்தியோடு களப் பொறியாளர் அவரிடம் நேரில் போனார். மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் அனுப்பிய தந்தி பாலத்தில் நின்றவர்களுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஆகவே எத்தனை நாள், எந்தக் கட்டங்களில், யார் நேரில் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முத்திரை குத்தப்பட்ட வரைபடங்களுக்கும் இதே கவலைதான்: 1981 ஜூலை 17 அன்று கன்சாஸ் நகரின் ஹயாத் ரீஜென்சி விடுதியில் நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்ததற்குக் காரணம், தொங்கு கம்பிகளின் அமைப்பு மாற்றப்பட்டபோது ஓர் இணைப்பின் மேல் பாரம் இருமடங்கானதை யாரும் கணக்கிடாமலே வரைபடத்துக்கு ஒப்புதல் முத்திரை விழுந்தது. பொறுப்பான பொறியாளர்கள் மிசூரி மாநிலத்தில் உரிமத்தை இழந்தார்கள். எனவே முத்திரையோடு கணக்குத் தாளையும் கேளுங்கள்.

பதில் 1 எழுதியவர் மீண்டும்

தனித்து இயங்கும் ஆலோசகர் சொன்னது சரி. கட்டணம் கொடுத்துச் செய்யச் சொல்லும் சிறு வேலை என் தரவுத்தாளைவிட மேலானது. நான் அதை இனிக் கைவிடுகிறேன். ஆனால் நிலையான உயரம் பற்றிய கேள்வியை வைத்துக்கொள்வேன், ஏனென்றால் அதில் எந்தப் பொய்யும் இல்லை. ஒப்பந்தப் பிரிவினர் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன்: கணக்குகளின் மூலக் கோப்புகள் உங்கள் சொத்து என்று எழுதுங்கள். அச்சிட்ட தாளாக மட்டும் தருவேன் என்பவரை நான் ஒரு முறைகூட வருந்தாமல் ஒதுக்கியதுண்டு.

கேள்வி கேட்டவர்: பன்னிரண்டு நாள் கழித்து

நடந்ததை எழுதுவது என் கடமை. முதலாமவரிடம் மணி நேரப் பிரிப்பைக் கேட்டேன். முதலில் மொத்தம் 85 மணி நேரம் என்று அனுப்பினார். 120 வரைபடங்களுக்கு அது எப்படிப் போதும் என்று கேட்டதும், மறுநாள் காலையில் 360 மணி நேரம் என்று திருத்திய தாள் வந்தது. மொத்தத் தொகையில் மாற்றம் இல்லை. வேறு பலன் பெறவில்லை என்ற உறுதிமொழியை அனுப்பி ஒரு வாரமாகிறது, கையெழுத்து இன்னும் வரவில்லை. அவரோடு பேச்சை நிறுத்திவிட்டோம்.

மற்ற இருவருக்கும் கொதிகலன் அறையிலிருந்து முதல் பிரிவு வரையிலான குழாயின் விரிவுக் கணக்கைக் கட்டணத்தோடு கொடுத்தோம். இரண்டாமவரின் கணக்கு ஒழுங்காகவே இருந்தது. நாற்பது திட்டங்களில் ஏழில்தான் தாம் நேரடியாகக் கணக்கிட்டதாக, நான் கேட்டவுடன் மறைக்காமல் சொன்னார். அது அவர்மேல் என் மதிப்பைக் குறைக்கவில்லை, ஆனால் முதலிலேயே எழுதியிருக்கலாம். மூன்றாமவர் கணக்கைத் தொடங்கும் முன் களத்தைப் பார்க்க ஒரு நாள் கேட்டார். வரைபடத்தில் நகரும் தாங்கி என்று குறித்திருந்த ஓரிடத்தில், பழைய பராமரிப்பின்போது யாரோ குழாயைத் தாங்கியோடு சேர்த்து வெல்டு செய்துவிட்டிருப்பதைப் படமெடுத்து அனுப்பினார். குழாய் அங்கே விரிய முடியாது. எங்கள் வரைபடம் அதைக் காட்டவில்லை, எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தப் படத்தை மேலதிகாரிகளின் கூட்டத்தில் காட்டினேன். வடிவமைப்புச் சரிபார்ப்பு அவருக்கு என்று முடிவாகியிருக்கிறது. தடிமன் அளவீட்டையும் வெல்டிங் ஆய்வையும் அவரோடு தொடர்பில்லாத வேறொரு ஆய்வு நிறுவனத்துக்குத் தனி ஒப்பந்தமாகக் கொடுக்கிறோம், மூலக் கோப்பும் நூற்றுக்கு ஐந்து மறுஅளவீடும் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பழைய குழாய்களின் அறிக்கையில் ஒரே எண் வரிசை மூன்று பக்கங்களில் திரும்ப வந்திருப்பதைக் கண்டேன். அந்தக் குழாய்களின் இன்சுலேஷனை நாளை பிரிக்கிறோம்.